ஆர்லிங்டனில் ஒரு கல்லறை காலியாகக் கிடக்கிறதாமே, தோண்டியது சரியா?

மாசிவீதி எழுதியது:

எங்கள் குடும்ப வாட்சப் குழுவில் சித்தப்பா ஒரு செய்தி அனுப்பியிருந்தார். அமெரிக்காவில் ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்தில் பெயர் தெரியாத போர்வீரர் கல்லறை இருக்கிறதில்லையா, அதைக் காவல் காக்கிற சிப்பாய்கள் ஆயுள் முழுக்கக் குடிக்கக் கூடாதாம், கெட்ட வார்த்தை பேசக் கூடாதாம், இரண்டு வருடம் கல்லறைக்கு அடியில் இருக்கிற அறையிலேயே தங்க வேண்டுமாம், 2003இல் இசபெல் புயல் வந்தபோது மேலிடம் போகச் சொல்லியும் நகர மாட்டோம் என்று நின்றார்களாம். கடைசியில் வழக்கம்போல, பத்துப் பேருக்கு அனுப்பவும்.

எவ்வளவு உண்மை என்று தேடப் போனவன் வேறு எங்கோ போய் மாட்டிக்கொண்டேன். அங்கே முதல் உலகப் போர், இரண்டாம் உலகப் போர், கொரியா, வியட்நாம் என்று போருக்கு ஓர் ஆள் வீதம் நான்கு இடம். அதில் வியட்நாம் குழியில் இப்போது யாரும் இல்லை. 1984இல் புதைத்தவரை 1998இல் வெளியே எடுத்து, டிஎன்ஏ பார்த்து, இன்னார் என்று கண்டுபிடித்து வீட்டாரிடம் கொடுத்துவிட்டார்கள்.

இரண்டு நாளாக இது உறுத்துகிறது. பெயர் தெரியாது என்பதுதானே அந்தக் கல்லறைக்கே உயிர்? பிள்ளை திரும்பி வராத எந்த அம்மாவும் அங்கே போய் நின்று, இது என் மகனாக இருக்கலாம் என்று அழலாம். பெயர் தெரிந்த அன்றைக்கு ஒரு வீட்டுக்குப் பிள்ளை கிடைத்தான், மற்ற எல்லா வீட்டுக்கும் அந்த "இருக்கலாம்" போய்விட்டது. தோண்டாமல் விட்டிருக்கலாமோ என்று தோன்றுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

போடோமாக் கரை எழுதியது:

முதலில் சித்தப்பாவுக்குப் பதில். நான் அந்தப் பக்கம்தான் இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் வெள்ளை மாளிகை வேலிக்கு முன்னால் ஒரு படம், அப்புறம் ப்ளூ லைன் மெட்ரோ பிடித்து ஆர்லிங்டன், அப்படியே ஏழெட்டுத் தடவை போயாயிற்று. குடி, கெட்ட வார்த்தை, நிலவறை எல்லாம் கட்டுக்கதை. காவல் சிப்பாய்களுக்கு ஒரு பேட்ஜ் தருவார்கள், அவமானமான காரியம் செய்து மாட்டினால் அதைத் திரும்பப் பிடுங்க வழி உண்டு, இந்த ஒரு நூலை வைத்து யாரோ சேலையே நெய்துவிட்டார்கள். புயல் கதையும் அப்படித்தான். ஆபத்து அதிகமானால் உள்ளே போய்க்கொள்ளலாம் என்று அனுமதி இருந்தது, போகிற அளவுக்கு நிலைமை வரவில்லை. போ என்று உத்தரவு வந்தும் போகவில்லை என்றால் ராணுவத்தில் அதற்கு வீரம் என்றா பெயர்?

உள்ளதே போதுமான ஆச்சரியம். கருப்பு விரிப்பின் மேல் 21 எட்டு நடப்பார், கல்லறையைப் பார்த்துத் திரும்பி 21 விநாடி நிற்பார், மறுபடி 21 எட்டு. 21 குண்டு முழக்க மரியாதையின் கணக்கு அது. துப்பாக்கி எப்போதும் கூட்டம் நிற்கிற பக்கத்துத் தோளில் இருக்கும், கல்லறைப் பக்கம் வராது. 1937இலிருந்து ராப்பகலாக ஆள் மாற்றி ஆள் நடந்துகொண்டிருக்கிறார்கள். நடப்பவரின் சட்டையில் பதவிச் சின்னம் இருக்காது. உள்ளே கிடப்பவர் என்ன பதவி என்று யாருக்கும் தெரியாதே, தெரியாத்தனமாகக்கூட அவருக்கு மேலதிகாரியாக நின்றுவிடக் கூடாது என்று. எனக்கு அந்த இடத்திலேயே ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான்.

ஒரு தடவை நண்பர் மகன் கம்பியில் ஏறிச் சாய்ந்துகொண்டு சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தான். அந்தச் சிப்பாய் நடையை நிறுத்தி ஒரு குரல் கொடுத்தார் பாருங்கள், பையன் மட்டுமில்லை, அவன் அப்பாவும் நானும் சேர்ந்து நேராக நின்றோம்.

பழைய பேப்பர் எழுதியது:

மாசிவீதி தம்பி, "பெயர் தெரியாதவரைத் தோண்டினார்கள்" என்று தொடங்குகிறீர்கள் பாருங்கள், அங்கேயே சறுக்கல். அவர் பெயர் தெரியாதவராகப் போய்ச் சேரவில்லை. பெயரோடு வந்தார், நடுவில் பெயர் கழன்றது.

மைக்கேல் பிளாசி, விமானப்படை லெப்டினன்ட், செயின்ட் லூயிஸ் ஊர்க்காரர், 24 வயது. 1972 மே 11 அன்று தென் வியட்நாமில் அன் லாக் என்ற ஊருக்குப் பக்கத்தில் அவருடைய ஏ-37 விமானம் சுடப்பட்டு விழுந்தது. அப்போது அந்த ஊரே முற்றுகையில் இருந்ததால் உடலை எடுக்கப் போக முடியவில்லை. சில மாதம் கழித்து தென் வியட்நாம் ரோந்துப் படை அந்த இடத்திலிருந்து எலும்புகள் கொண்டுவந்தது. மொத்தம் ஆறு. நான்கு விலா, ஒரு இடுப்பெலும்பு, ஒரு மேற்கை எலும்பு. கூடவே கிழிந்த விமானி உடை, பாராசூட் துண்டு, ஓர் ஆள் மிதக்கிற ரப்பர் படகு, அப்புறம் ஓர் அடையாள அட்டை. அட்டையில் பிளாசி என்று பெயர். அந்த அட்டை சைகோன் போகிற வழியில் காணாமல் போனது.

அட்டை போனாலும் "பிளாசி எனக் கருதப்படுகிறது" என்ற சீட்டு சில வருடம் எலும்புகளோடு இருந்தது. 1980இல் ஒரு குழு உட்கார்ந்து, எலும்பை அளந்து உயரம் பொருந்தவில்லை, ரத்த வகையும் பொருந்தவில்லை என்று சொல்லிச் சீட்டைக் கழற்றி எக்ஸ்-26 என்று எண் கொடுத்தது. அந்த அளவுக் கணக்கே தப்பு என்று பிறகு தெரிந்தது, அது வேறு கதை. இங்கே அரசியலையும் பாருங்கள். வியட்நாம் வீரருக்கென்று ஆர்லிங்டனில் குழி கட்டி வைத்து வருடக்கணக்கில் சும்மா கிடக்கிறது. தோற்றுத் திரும்பிய படை, ஊரில் மரியாதை இல்லை, எங்களுக்கு மட்டும் ஏன் ஓர் ஆள் இல்லை என்று பழைய சிப்பாய்கள் கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குள் பரிசோதனைக்கூடங்கள் வளர்ந்துவிட்டன, ஏறக்குறைய எல்லா உடலுக்கும் பெயர் கிடைத்துவிட்டது, பெயர் கிடைக்காதவை விரல் விட்டு எண்ணுகிற அளவு. அதில் எக்ஸ்-26ஐ எடுத்து 1984 மே 28 அன்று அதிபர் ரீகன் முன்னிலையில் அடக்கம் செய்தார்கள். பிளாசியின் வீட்டாருக்கு, உங்கள் பிள்ளை பெயர் இந்த எலும்போடு ஒட்டியிருந்தது என்று ஒருவரும் மூச்சு விடவில்லை.

1994இல் ஒரு முன்னாள் ராணுவக்காரர் ஆவணங்களைத் தோண்டி எழுதினார், ராணுவம் இல்லை என்றது. 1998 ஜனவரியில் சிபிஎஸ் தொலைக்காட்சி போட்டு உடைத்தது. மே 14 அன்று கல்லறையைத் திறந்தார்கள், ஜூன் 30 அன்று முடிவு வந்தது, ஜூலை 11 அன்று செயின்ட் லூயிஸில் அடக்கம்.

இதில் தோண்டியதைத் தப்பு என்பீர்களா, புதைத்ததை என்பீர்களா?

மாசிவீதி எழுதியது:

அட்டை காணாமல் போனது தெரியும். சீட்டைக் கழற்றியது தெரியாது. உயரக் கணக்கை எப்படி அவ்வளவு தப்பாகப் போட்டார்கள்?

நுண்ணோக்கி எழுதியது:

தொழில் சம்பந்தப்பட்டதால் நுழைகிறேன் (நான் போர் எலும்பு பார்க்கிற ஆள் இல்லை, மருத்துவமனை ஆய்வகம்தான்). கை கால் எலும்பு முழுசாகக் கிடைத்தால் உயரத்தை ஓரளவு சொல்லலாம். இடுப்பெலும்பும் நான்கு விலாவும் ஒரு மேற்கை எலும்பும் கையில் வைத்துக்கொண்டு, இவர் இத்தனை அங்குலம், அதனால் இவர் அந்த ஆள் இல்லை என்று அடித்துச் சொல்வது துணிச்சல்தான். மேலே சொன்ன ரப்பர் படகு போர் விமானி இருக்கையோடு வருகிற சாமான். அதே பகுதியில் அதே நாளில் காணாமல் போன இன்னொருவர் ஹெலிகாப்டர் விமானி. படகைப் பார்த்தே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

டிஎன்ஏ விஷயத்தில் பலருக்கும் ஒரு குழப்பம் இருக்கிறது. 1998இல் பார்த்தது மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள், உட்கருவுக்கு வெளியே இருக்கிற சிறு உறுப்பு) டிஎன்ஏ. செல்லின் உட்கருவில் இருக்கிற டிஎன்ஏ ஒரு செல்லுக்கு இரண்டே பிரதி, கால் நூற்றாண்டு காடும் வெயிலும் ரசாயனமும் பட்ட எலும்பில் அது சிதைந்திருக்கும். மைட்டோகாண்ட்ரியாவுடையது நூற்றுக்கணக்கில் இருக்கும், அதனால் கொஞ்சமாவது மிஞ்சும். அது அம்மாவிடமிருந்து மட்டும் பிள்ளைகளுக்கு வருவது. அதனால்தான் பிளாசியின் அம்மாவும் தங்கையும் ரத்தம் கொடுத்தார்கள், அப்பா கொடுத்து இதற்குப் பயனில்லை. ஒரே தாய்வழியில் வந்த எல்லாருக்கும் அது ஒன்றாகவே இருக்கும், ஆகவே அதை மட்டும் வைத்து இன்னார்தான் என்று சொல்ல முடியாது, இன்னார் இல்லை என்று சொல்லலாம். அந்த இடத்தில் காணாமல் போன மற்றவர்களின் வீட்டு ரத்தம் பொருந்தவில்லை, பிளாசி வீட்டுடையது பொருந்தியது, சூழ்நிலைச் சான்றுகளும் சேர்ந்துகொண்டன.

1990களின் தொடக்கத்திலிருந்து அங்கே படையில் சேர்கிற எல்லாரிடமும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து அட்டையில் காயவைத்துச் சேமிக்கிறார்கள். எனவே இனிமேல் பெயர் தெரியாத அமெரிக்கச் சிப்பாய் என்று ஒருவர் வருவது கிட்டத்தட்ட நடக்காது.

கரிசல்மண் எழுதியது:

எல்லாம் சரி, நான் மாசிவீதி பக்கம்தான்.

எலும்புக்குச் சொந்தக்காரர் யார் என்ற கேள்வியை விட்டுவிட்டு, இந்த வழக்கம் ஏன் வந்தது என்று பாருங்கள். ரெயில்டன் என்ற படைப் பாதிரியார் 1916இல் பிரான்சில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் ஒரு புதைமேட்டைப் பார்க்கிறார், மரச் சிலுவையில் பென்சிலால் அறியப்படாத பிரிட்டிஷ் வீரர் என்று எழுதியிருக்கிறது. மனதில் அது தங்கிப்போய், 1920இல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தின் தலைமைக் குருவுக்குக் கடிதம் எழுதுகிறார். வெவ்வேறு போர்க்களங்களிலிருந்து உடல்களைக் கொண்டுவந்து ஒரு தகரக் கொட்டகையில் கொடி போர்த்திக் கிடத்தி, நடுராத்திரியில் வயட் என்ற தளபதி உள்ளே போய் ஒன்றின் மேல் கை வைக்கிறார். எது எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது. 1920 நவம்பர் 11 அன்று அரசர்களுக்கு நடுவில் அடக்கம். அந்த அபேயில் தரையெல்லாம் கல்லறைக் கல்தான், எல்லாவற்றின் மேலும் மிதித்து நடப்பார்கள், இந்த ஒரு கல்லை மட்டும் அரசரே ஆனாலும் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

ரோமில் வைக்க எடுத்த பெயர் தெரியாத வீரரை, போரில் மகனை இழந்த மரியா பெர்காமாஸ் என்ற ஓர் அம்மா 1921இல் தேர்ந்தெடுத்தார். அவர் முன்னால் 11 பெட்டி. தன் மகன் உடல் கிடைக்காத ஒருத்தி ஏதோ ஒரு பெட்டியின் முன்னால் விழுந்து அழுதாள், அதையே எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெட்டியில் இருந்தது யார் என்று நாளைக்கு ஒருவர் டிஎன்ஏ பார்த்துச் சொன்னால், அந்த அழுகைக்கு என்ன அர்த்தம்? தெரியக் கூடாது என்று கவனமாகக் கட்டிய வீட்டை, தெரிந்துகொள்ள முடிகிறது என்பதற்காக இடிப்பதா?

பழைய பேப்பர் எழுதியது:

கரிசல், நீங்கள் சொன்ன கதையிலேயே என் பதில் இருக்கிறது. லண்டனிலும் ரோமிலும் நிஜமாகவே யாருக்கும் தெரியாது. ஆர்லிங்டனிலும் முதல் ஆள் அப்படித்தான், 1921இல் பிரான்சின் சாலோன் நகர மண்டபத்தில் நான்கு பெட்டிகளில் ஒன்றின் மேல் யங்கர் என்ற சார்ஜன்ட் வெள்ளை ரோஜாக் கொத்தை வைத்தார், அந்தப் பூவோடே புதைத்தார்கள். தெரியாமையை அங்கே மரியாதையாக்கினார்கள். 1984இல் மரியாதை முதலிலேயே தயாராக இருந்தது, அதற்குத் தெரியாமை தேவைப்பட்டது. இரண்டும் ஒன்றா?

இன்னொன்று. 1984இல் அந்த வீரருக்கு மெடல் ஆஃப் ஹானர் கொடுத்தார்கள், அந்நாட்டின் மிக உயர்ந்த ராணுவ விருது. எலும்பு பிளாசியுடையது என்று ஆனதும், விருதும் அவரோடு வரட்டும் என்று வீட்டார் கேட்டார்கள். முடியாது, அது வியட்நாமின் பெயர் தெரியாத வீரருக்குக் கொடுத்தது, பிளாசிக்குக் கொடுத்ததில்லை என்று பதில் வந்தது. சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் 14 வருடம் அந்தப் பதக்கத்துக்காகக் குழியில் கிடந்தது யாருடைய இடுப்பெலும்பு?

போடோமாக் கரை எழுதியது:

பதக்க விஷயத்தில் நான் அரசு பக்கம் என்று சொன்னால் அடிக்க வராதீர்கள். அடையாளத்துக்குக் கொடுத்தது அடையாளத்தோடுதான் இருக்க வேண்டும்.

அப்புறம், மாசிவீதி சொன்ன "இருக்கலாம்" போய்விட்டது என்பதும் முழுக்கச் சரியில்லை. அந்தக் குழியை வேறு ஆளைத் தேடி நிரப்பவில்லை. அதை மூடியிருந்த கல்லின் வாசகத்தை 1999இல் மாற்றி, காணாமல் போன வீரர்களை மதிக்கிறோம், அவர்களுக்குக் கொடுத்த வாக்கைக் காக்கிறோம் என்கிற மாதிரி எழுதியிருக்கிறார்கள். வெளியே நின்று பார்த்தால் பெரிய பளிங்குப் பெட்டிக்கு முன்னால் மூன்று பட்டைக் கற்கள், நடுவில் இருப்பது காலி. தெரியாமல் போய் நின்றால் வித்தியாசமே தெரியாது. தெரிந்து போய் நின்றால் கண் அங்கேயேதான் போகும்.

வேலைவெட்டி எழுதியது:

யாரோ ஒரு அமெரிக்கச் சிப்பாய் எலும்புக்கு இத்தனை அக்கறை. அவன் குண்டு போட்ட ஊரில் செத்தவனுக்கு யார் கல்லறை கட்டினார்கள்?

பழைய பேப்பர் எழுதியது:

கேள்வி நல்ல கேள்விதான், கேட்ட விதம்தான் சரியில்லை. வியட்நாமியர்களில் இன்றுவரை லட்சக்கணக்கானவர்களின் உடல் கிடைக்கவில்லை, அங்கேயும் டிஎன்ஏ வைத்துத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன்.

சுபேதார் வீடு எழுதியது:

எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறை பட்டாளம், அதனால் இதைப் படித்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை.

அமர் ஜவான் ஜோதியைப் பற்றி யாராவது சொல்வீர்கள் என்று பார்த்தேன். 1971 போர் முடிந்து ஆறு வாரத்துக்குள், 1972 ஜனவரி 26 அன்று இந்தியா கேட் வளைவுக்கு அடியில் இந்திரா காந்தி திறந்துவைத்தது. தலைகீழாகக் குத்திய துப்பாக்கி, அதன் மேல் ஹெல்மெட், பக்கத்தில் தீபம். அதற்குள் உடல் கிடையாது, எலும்பு கிடையாது, யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை, பெட்டி மேல் பூ வைக்கவில்லை. எரிப்பதே வழக்கமான நாட்டில் நெருப்பை வைத்தது எனக்குச் சரியாகவே படுகிறது, பெயரைத் தேடி யாரும் தோண்டவும் முடியாது. 2022 ஜனவரி 21 அன்று அதைக் கொண்டுபோய் தேசியப் போர் நினைவிடத்து ஜோதியோடு சேர்த்தார்கள். அங்கே சுவரில் 25,000க்கும் மேல் பெயர்கள் கல்லில் வெட்டியிருக்கின்றன. சேர்த்தது சரியா என்று பட்டாளத்துக்காரர்களே இரண்டாகப் பிரிந்து பேசினார்கள், எங்கள் வீட்டிலும் அப்பாவும் பெரியப்பாவும் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெயர் இருக்கிற இடத்தில்தான் தீபம் இருக்க வேண்டும் என்பது அப்பா. இந்தியா கேட்டில் இருக்கிற பெயரெல்லாம் யாருடையது, வெள்ளைக்காரன் சண்டைக்குப் போனவனும் நம் பிள்ளைதானே என்பது பெரியப்பா.

பெரியப்பாவுக்கு ஏன் அவ்வளவு கோபம் என்றால், எங்கள் பாட்டியின் அண்ணன் இரண்டாம் உலகப் போரில் பர்மாவுக்குப் போனவர் திரும்பவில்லை. காணவில்லை என்று ஒரு தந்தி, அவ்வளவுதான். அவர் மனைவி பல வருடம் தாலியைக் கழற்றவில்லை, கழற்று என்று சொல்லவும் யாருக்கும் வாய் வரவில்லை. செத்த நாள் தெரியாததால் திதி எது என்று தெரியாது, தை அமாவாசைக்குப் பொதுவாக ஒரு பிடி எள்ளும் தண்ணீரும் விட்டார்கள். பிறகு நான்தான் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் தேடி, மியான்மரில் தவுக்கியானில் இருக்கிற ரங்கூன் நினைவுச் சின்னத்தில் அவர் பெயரைக் கண்டுபிடித்தேன். உடல் கிடைக்காதவர்கள் பெயர் மட்டும் அங்கே ஏறக்குறைய 27,000. பெயருக்குப் பக்கத்தில் இறந்த தேதி என்று ஒரு தேதி போட்டிருந்தது. நான் பெயரைப் பார்த்து அழுதேன். பாட்டி பெயரைக் கேட்டுவிட்டு, தேதி என்ன என்றுதான் கேட்டாள். திதி பார்க்க.

அதனால் கரிசல் அண்ணே, அந்த "இருக்கலாம்" ஏதோ ஆறுதல் மாதிரி எழுதுகிறீர்கள். அதை வைத்துக்கொண்டு ஒரு வீட்டில் நாற்பது ஐம்பது வருடம் இருந்து பார்க்க வேண்டும்.

கரிசல்மண் எழுதியது:

இதற்குப் பிறகு நான் என்ன சொல்ல. பாட்டிக்கு என் வணக்கம்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன், பிளாசியை எடுத்தது சரிதான். மற்ற மூவரையும் தொடக் கூடாது என்பதில் இன்னும் நிற்கிறேன். பிரிட்டிஷ் பக்கத்திலும் அப்படித்தான், அடையாளம் காண்பதற்காக மட்டும் கல்லறையைத் திறக்க அந்த ஆணையம் விடுவதில்லை. புதிதாகக் கிடைக்கிற உடலுக்கு மட்டும் பார்ப்பார்கள், பிரான்சில் ஃப்ரோமெல் ஊரில் ஒரே இடத்தில் 250 பேர் கிடைத்தபோது பாதிக்கும் மேல் பெயர் கண்டுபிடித்தார்கள்.

நுண்ணோக்கி எழுதியது:

அமெரிக்கர்கள் அந்தக் கோட்டைத் தாண்டியாயிற்று. பேர்ல் ஹார்பரில் மூழ்கிய ஓக்லஹோமா கப்பல்காரர்கள் 388 பேர் ஹவாயில் பெயர் தெரியாதவர்கள் என்று புதைக்கப்பட்டிருந்தார்கள். 2015இல் மொத்தமாகத் தோண்டி எடுத்தார்கள், ஒரே பெட்டிக்குள் பல பேர் எலும்பு கலந்து கிடந்தது. சில வருடத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் பெயர் கிடைத்துவிட்டது. ஆர்லிங்டன் மூவரை மட்டும் தொடவில்லை. தொட முடியாததால் இல்லை, வேண்டாம் என்று வைத்திருக்கிறார்கள்.

சுபேதார் வீடு எழுதியது:

பெயர் தெரியாதவர் என்ற பட்டமாவது எல்லாருக்கும் கிடைத்ததா என்றும் பாருங்கள். கல்லறைக் கல்லில் "கடவுளுக்கு மட்டும் தெரிந்தவர்" என்று போடச் சொன்னது எழுத்தாளர் கிப்ளிங், அவருடைய மகனே 1915இல் காணாமல் போனவன். ஆனால் அந்தக் கல் எல்லாச் சிப்பாய்க்கும் இல்லை. ஈராக்கில் இருக்கிற பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் பிரிட்டிஷ்காரர்களுக்குப் பெயர் இருக்கும், இந்தியச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவுப் பெயரும் இத்தனை பேர் என்ற எண்ணும்தான். பட்டியல் இல்லாமலா? பட்டாளத்தில் சம்பளம் கொடுக்கப் பட்டியல் இல்லாமலா இருந்திருக்கும்? 2021இல் அந்த ஆணையமே ஒரு அறிக்கை விட்டு ஒத்துக்கொண்டது, முதல் உலகப் போரில் இறந்தவர்களில், பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கர்கள், எகிப்தியர்கள் என்று குறைந்தது 1,16,000 பேர், 3,50,000 வரைகூட இருக்கலாம், பெயரால் நினைக்கப்படவே இல்லை அல்லது எதுவுமே செய்யப்படவில்லை என்று.

மேலே சீட்டைக் கழற்றிய கதை படித்தபோது எனக்கு இந்த பாஸ்ரா சுவர்தான் ஞாபகம் வந்தது.

நெறியாளர் எழுதியது:

நடுகல் பெரிதா கல்லறை பெரிதா என்று இருவர் போட்ட 14 பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். நடுகல்லிலும் எழுத்தே இல்லாதவை ஏராளம் என்ற விவரம் மட்டும் இங்கே பொருந்துவதால் சொல்லிவைக்கிறேன். மற்றதை அங்கே போய் அடித்துக்கொள்ளுங்கள்.

மாசிவீதி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தோண்டியிருக்க வேண்டாம் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன், தலைப்பை மாற்ற முடியுமா என்று தெரியவில்லை, மாற்றினாலும் மேலே எல்லாரும் திட்டியிருப்பது புரியாமல் போய்விடும், அதனால் இருக்கட்டும்.

குடும்பக் குழுவில் போடோமாக் கரை சொன்னதைச் சுருக்கி எழுதி, குடிக்கக் கூடாது என்பது பொய், பதவிச் சின்னம் இல்லாமல் நடப்பதுதான் நிஜம் என்று போட்டேன். கூடவே பிளாசி கதையையும் நான்கு வரியில். சித்தப்பா இரண்டு நாள் பதில் போடவில்லை. இன்று காலை ரோஜாப்பூ படத்தோடு இனிய காலை வணக்கம் வந்தது. அதற்குக் கீழே சித்தி மட்டும், அந்த அம்மா உயிரோடு இருக்கும்போதே பையன் வந்துவிட்டானா என்று கேட்டிருந்தாள். ஆமாம் சித்தி, அந்த அம்மா கொடுத்த ரத்தத்தில்தான் கண்டுபிடித்தார்கள் என்று எழுதினேன்.